ரெவிட் என்ற கட்டிட மொடல் மென்பொருளில் இருந்து டி.டபிள்யூ.ஜி (ஆட்டோகேட் படக்கோப்பு) எடுக்கும்போது கோடுகள் மாறுது, என்ன செய்யலாம்?

திருமலைப்படவரைஞர்:
உப்புவெளியில இரண்டு மாடி விடுதி ஒன்றின் தளப்படங்கள், 1:100. மொடல் ரெவிட்டில. இஞ்சினியருக்கும் பிளொட் கடைக்கும் டி.டபிள்யூ.ஜிதான் வேணும். எக்ஸ்போர்ட் பண்ணினால் மூன்று கோளாறு. லைன்வேர்க் டூலால மெல்லிசாக்கின படிக்கட்டு விளிம்பு திரும்பத் தடிப்பாகுது. மேல்தள பீமைக் காட்டுற உடைகோடு ஆட்டோகேட் லேஅவுட்டில (அச்சுத்தாள் பக்கத்தில) முழுக்கோடாத் தெரியுது. சுவரோடு ஒட்டின ஸ்லாப் விளிம்பைக் காணவே இல்லை.

கோட்டையடி:
தம்பி, மூன்றுக்கும் காரணம் வேற வேற. எக்ஸ்போர்ட் செட்டப் பெட்டிக்குப் பக்கத்தில இருக்கிற மூன்று புள்ளி பட்டனை அமத்துங்கோ.

லேயர்ஸ் டாபில, "எல்லாம் பைலேயர், ஓவர்றைட் இல்லை" என்ற தெரிவுதான் படிக்கட்டைக் கெடுக்குது. பைலேயர் என்றால் நிறமும் தடிப்பும் லேயரில (கோடு கிடக்கிற அடுக்கில) இருந்து வரும்; பைஎன்டிட்டி என்றால் அந்தக் கோட்டுக்கே சொந்தமா இருக்கும். லைன்வேர்க் என்பது அந்த வியூவுக்கு மட்டும் போட்ட ஓவர்றைட் (தனி மாற்றம்). அந்தத் தெரிவு அதைத் தூக்கி எறிஞ்சிடும். "கேட்டகரி பைலேயர், ஓவர்றைட் பைஎன்டிட்டி" என்று வையுங்கோ.

காணாமல் போன விளிம்புக்கு ஜெனரல் டாபில "பிரிசேர்வ் கோஇன்சிடென்ட் லைன்ஸ்" டிக் போடவேணும். அது இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிற கோடுகளில ஒன்றுதான் மிஞ்சும். டிக் போட்டால் ஃபைல் பெருக்கும், இரட்டைக் கோடும் வரும். வாங்குறவர் ஆட்டோகேட்டில ஓவர்கில் (இரட்டைக் கோட்டை அழிக்கிற கட்டளை) ஓட்டினால் மறுபடி போயிடும், சொல்லி வையுங்கோ.

நிலாவெளிக்காற்று:
உடைகோடு லைன்ஸ் டாபில இருக்கிற லைன்டைப் ஸ்கேல் வேலை. "ஸ்கேல்ட் டெபினிஷன்" என்றால் ரெவிட் கோட்டின் அளவை வியூ ஸ்கேலால பெருக்கித்தான் அனுப்பும். காகிதத்தில 3 மி.மீ. துண்டு மொடலில 300 மி.மீ. ஆகும். லேஅவுட்டில பி.எஸ்.எல்.ரி.ஸ்கேல் (லேஅவுட்டில கோட்டுத் துண்டின் அளவை ஆளுற செட்டிங்) 1 என்றிருந்தால் 1:100 வியூபோர்ட் (மொடலைக் காட்டுற ஜன்னல்) அதை இன்னொருக்கால் நூறால பெருக்கும்: 30 மீற்றர். 6 மீற்றர் பீமில இடைவெளி எங்க தெரியப்போகுது! ஷீட்டோட அனுப்புறதென்றால் "பேப்பர்ஸ்பேஸ்" தெரிவு எடுங்கோ. மொடல் டாபிலும் சரியாத் தெரிய எம்.எஸ்.எல்.ரி.ஸ்கேல் (மொடல் டாபுக்கான அதே மாதிரிச் செட்டிங்) 1, அனோடேஷன் ஸ்கேல் 1:100, பிறகு ரீஜென்ஆல் (படத்தைத் திரும்ப வரையிற கட்டளை).

திருமலைப்படவரைஞர்:
நன்றி. படிக்கட்டு இப்ப ஸ்க்ரீனில மெல்லிசு. கடையில அடிச்ச தாளில இன்னும் தடிப்பு. ஒரு நீலக்கோடு வேற.

கோட்டையடி:
அது கடையின்ர சி.டி.பி (எந்த நிறத்தை எப்பிடி அடிக்கிறது என்று சொல்லுற கோப்பு). ஒவ்வொரு நிறத்துக்கும் தடிப்பு நிரந்தரமாப் போட்டு வைச்சிருந்தால் கோட்டின் சொந்தத் தடிப்பைப் பார்க்காது. "யூஸ் ஆப்ஜெக்ட் லைன்வெயிட்" என்று இருக்கவேணும்; மொனோகுரோம் சி.டி.பி அப்பிடித்தான் வரும். நீலம் ஏனென்றால் கலர்ஸ் டாபில ட்ரூ கலர் தெரிவாகி இருக்கு. சி.டி.பிக்கு 255 இன்டெக்ஸ் நிறம்தான் தெரியும், ட்ரூ கலரைத் தொடாமல் நிறத்தோடயே அடிச்சு விடும். இன்டெக்ஸுக்கு மாத்துங்கோ.

நிலாவெளிக்காற்று:
இஞ்சினியருக்கு வேற செட்டப் ஒன்று சேமிச்சு வையுங்கோ. அவர் உங்கட படத்தை எக்ஸ்ரெஃபாப் (தன்ர படத்தில இணைப்பா) போட்டு லேயர் நிறத்தைச் சாம்பலாக்குவார்; பைஎன்டிட்டிக் கோடுகள் சாம்பலாகாது. அவருக்கு "ஓவர்றைட்டுக்குப் புது லேயர்" தெரிவு. லேயர் கனக்க வரும், ஆனால் எல்லாம் பைலேயர்.