12 வருட லேப்டாப் கொதிக்கிறது: திறந்து சுத்தம் செய்வதா, அப்படியே ஓட்டுவதா?

பெரம்பூர் மாடிவீடு:
2014-இல் வாங்கியது. ஐ5 4200யூ, 8 ஜிபி ரேம். டேலி கணக்கு மென்பொருளும் பிரௌசரும்தான் வேலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு. இந்தக் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துகிறது, சிப்பின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப்பில் 97 டிகிரி காட்டுகிறது. அப்புறம் எல்லாமே ஆமை வேகம். நேற்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போது தானாகவே அணைந்துவிட்டது. கூலிங் பேட் வாங்கலாமா?

ரிச்சி தெரு ரசிகன்:
பேட் வேண்டாம் சார். உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே விசிறி என்ன பயன்? என்னுடையதைத் திறந்து பார்த்தேன். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. ஊதினால் போகாது, இடுக்கியால் இழுத்தால் ஒரே துண்டாக வருகிறது. சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்த பிராசஸர் மேல் தடவியிருந்த பேஸ்ட், வெற்றிலையில் தடவி மறந்த சுண்ணாம்பு மாதிரி வெடித்துக் கிடந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்தேன். 95-இல் இருந்தது 74-க்கு இறங்கியது. ஒன்று மட்டும்: பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
74 என்று எப்போது அளந்தீர்கள்?

ரிச்சி தெரு ரசிகன்:
கார்த்திகையில்.

கணக்குப்பிள்ளை:
அதைச் சொல்லுங்கள். அறையின் சூட்டுக்கு மேல்தான் பிராசஸர் சூடு ஏறி நிற்கும். கார்த்திகையில் அறை 27 டிகிரி, இவர் மாடியில் இப்போது 38 என்று வைத்தால் உங்கள் 74 இங்கே 85.

இவருக்கு ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 100-இலிருந்து 99 ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும். 2.6 கிகாஹெர்ட்ஸ் வரை தாவுகிற சிப் 1.6-ஐத் தாண்டாது. டேலிக்கு அது போதும். பழைய பிளாஸ்டிக்கைத் திறந்தால் க்ளிப் உடையும். கீபோர்டு மாற்றக் கொடுத்த ஒரு கடையில் என்னுடைய லேப்டாப்பை இரண்டு ஸ்க்ரூ குறைவாகத்தான் திருப்பித் தந்தார்கள். தவிர, விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, 11 இந்த நான்காம் தலைமுறை சிப்புக்கு முறைப்படி கிடையாது. இதற்குப் போய் பேஸ்ட், பிளோயர் என்று எதற்குச் செலவு?

ரிச்சி தெரு ரசிகன்:
மூக்கடைத்தவனிடம் "ஓடாதே, நட" என்பது போல இருக்கிறது. அடைப்பு அங்கேயேதானே இருக்கும்? உங்கள் கணக்குப்படியே 85 என்றாலும், 97-க்கு அது எவ்வளவோ மேல். விண்டோஸ் போனால் லினக்ஸ் போடலாம்.

கணக்குப்பிள்ளை:
லினக்ஸில் டேலியா? நடக்கிற பேச்சைப் பேசுங்கள்.

ரிச்சி தெரு ரசிகன்:
சரி, அதை விட்டுவிடுகிறேன். தூசியை விட மாட்டேன்.

மின்சாரக் கண்ணன்:
இருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். டச்பேட் ஒழுங்காக அழுந்துகிறதா?

பெரம்பூர் மாடிவீடு:
இடது பக்கம் ஒரு மாதமாக க்ளிக் ஆகவில்லை. லேசாக மேலே தூக்கியிருக்கிறது. பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மின்சாரக் கண்ணன்:
உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். உடனே அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள். தெரிந்தவரை வைத்துப் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
இதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் திறக்கத்தான் வேண்டும்.

பெரம்பூர் மாடிவீடு:
மைத்துனர் வந்து திறந்தார். பேட்டரி நடுவில் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. எடுத்து பால்கனியில் தகர டப்பாவில் வைத்திருக்கிறோம், நாளை ரிச்சி தெருவில் கொடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டும். திறந்த கையோடு தூசியையும் எடுத்துவிட்டார், நீங்கள் சொன்ன கம்பளித் துண்டேதான். பேஸ்ட் கைவசம் இல்லை, அதனால் ஹீட்சிங்க்கைத் தொடவில்லை. 99-உம் போட்டாயிற்று. இப்போது பேட்டரி இல்லாமல் அடாப்டரில் ஓடுகிறது, மதியம் 79 டிகிரி. கரண்ட் போனால்தான் வயிற்றில் புளி கரைக்கிறது.

ரிச்சி தெரு ரசிகன்:
தூசி எடுத்ததால்தான் 79.

கணக்குப்பிள்ளை:
99 போட்டதால். சந்தேகமிருந்தால் சார் ஐந்து நிமிடம் 100 வைத்துப் பார்க்கட்டும்.

பெரம்பூர் மாடிவீடு:
ரிட்டர்ன் போட்டு முடிக்கிறவரை எதையும் மாற்றுவதாக இல்லை.