அலோஸ்டாடிக் லோட்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாள்பட்ட உளைச்சலும் தூக்கக் கேடும் உடம்பை என்ன செய்கின்றன என்பதுதான் பொருள். ஆறு பக்கம் தடங்கல் இல்லாமல் ஓடியது. ஏழாம் பக்கத்தில் அலோஸ்டாடிக் லோட் வந்து வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான்கு நாளாக நகர மறுக்கிறது.

பிறந்த கதை தெரியாமல் பெயர் வைத்தால் பின்னால் வம்பு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடலின் உள்நிலை ஓர் அளவில் நிற்கும்படி காக்கப்படுவதற்கு வால்டர் கேனன் 1920களில் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். உடல் வெப்பமும் இரத்தத்தின் உப்பும் அதற்கு எடுத்துக்காட்டுகள். 1988இல் பீட்டர் ஸ்டெர்லிங், ஜோசப் ஐயர் (பெயரைப் பார்த்து மயிலாப்பூர் என்று நினைக்க வேண்டாம், அமெரிக்கர்) இருவரும் அது முழுக் கதை இல்லை என்றார்கள். வரப்போகும் தேவையை முன்கூட்டியே கணித்து உடம்பு தன் அளவுகளையே மாற்றிக்கொள்கிறது. தூங்கும்போது இருக்கும் இரத்த அழுத்தமும் மாடிப்படி ஏறும்போது இருப்பதும் ஒன்றல்ல. இப்படி மாறி மாறியே நிலைத்திருப்பதற்கு அலோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அலோஸ் என்றால் ‘வேறு’. 1993இல் புரூஸ் மெக்கீவனும் எலியட் ஸ்டெல்லாரும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: இந்த மாறுதலுக்கு உடம்பு கொடுக்கும் விலை என்ன? அந்த விலைதான் அலோஸ்டாடிக் லோட்.

கையேடு கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை வைத்து இதை விளக்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் புறணியைத் தூண்டுகிறது, புறணி கார்ட்டிசோலைச் சுரக்கிறது. (புறணி என்றதும் என் மனைவி சிரித்தார். இலத்தீனில் கார்டெக்ஸ் என்றால் மரப்பட்டை, அதனால் புறணி. பக்கத்து வீட்டுப் புறணி வேறு.) விடியற்காலையில் ஏறத் தொடங்கும் கார்ட்டிசோல், கண் விழித்த அரைமணி முக்கால் மணிக்குள் உச்சம் தொட்டு, பகலெல்லாம் இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். ஆபத்து நேரத்தில் கல்லீரலைக் கொண்டு சர்க்கரை உண்டாக்கித் தரும். ஒரு நாளைக்கு அது உதவி. மாதக்கணக்கில் ஓயாமல் நடந்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேரும், தூக்கம் கெடும், எதிர்ப்பாற்றல் தளரும். படுத்து எழுந்தாலும் அசதி போகாது.

‘மன அழுத்தம்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். நம் நாளிதழ்கள் அதை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் எழுதுகின்றன, டிப்ரெஷனுக்கும் எழுதுகின்றன. போதாக்குறைக்கு இரத்த அழுத்தம் வேறு. ‘மன அழுத்தத்தால் அழுத்தம் அதிகமாகிறது’ என்று எழுதிவிட்டு நானே அடித்தேன்.

நாற்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் பாடத்தில் ஸ்ட்ரெஸ் தகைவு, ஸ்ட்ரெயின் திரிபு. கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் உள்ளே எழுவது தகைவு, அதனால் கம்பி நீளுவது திரிபு. 1936இல் எலிகளை வைத்து இந்தத் துறையைத் தொடங்கிய ஹான்ஸ் செல்யே, தன் ஆங்கிலம் இன்னும் நன்றாக இருந்திருந்தால் ஸ்ட்ரெயின் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். மூலமே இடறியிருக்க, நாம் சொல்லுக்குச் சொல் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

என் கையில் இருப்பவை மூன்று: மாற்றுச் சமநிலைச் சுமை, தகவமைப்புச் சுமை, உடல் தேய்மானம். இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். அடித்து நொறுக்குங்கள்.

அன்புடன்,
செ.இரா.

*

ஐயா, வணக்கம்.

தப்பாக நினைக்காதீர்கள், எங்கள் ஆபீசில் ‘ஸ்ட்ரெஸ்’தான் தமிழ். ‘உளைச்சல்’ என்று சொன்னால் கால் வலியா என்று கேட்பார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும்கூட ஸ்ட்ரெஸ்ஸை அப்படியே எடுத்துக்கொண்டார்களே. இப்போது ரீல்ஸ் பார்க்கிற எல்லாருக்கும் கார்ட்டிசோல் தெரியும். முகம் உப்பினால் கார்ட்டிசோல், தொப்பை விழுந்தால் கார்ட்டிசோல். பேசாமல் ‘கார்ட்டிசோல் சுமை’ என்று வைத்துவிட்டால் சட்டென்று புரியுமே?

வி.

*

தம்பி வி. சொன்னதைப் படித்ததும், ராத்திரி பத்தரை மணி ஆனாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். ‘கார்ட்டிசோல் சுமை’ மட்டும் வேண்டாம். சொல் எளிமையாக இருக்கிறது, பொருள் தவறு.

இந்தச் சுமையை முதன்முதலில் எண்ணாக அளந்த 1997ஆம் வருட ஆய்வில் பத்து அளவைகள் இருந்தன. இரத்த அழுத்தத்தின் இரண்டு எண்கள், இடுப்புக்கும் பிட்டத்துக்குமான சுற்றளவு விகிதம், கொலஸ்டிரால் சார்ந்தவை இரண்டு, மூன்று மாதச் சர்க்கரை, அட்ரினலின், நார் அட்ரினலின், அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான டிஹெச்ஈஏ சல்ஃபேட், கடைசியாகச் சிறுநீரில் கார்ட்டிசோல். பத்தில் ஒன்று. மேளக் கச்சேரிக்குத் தாளக்காரர் பெயரை மட்டும் வைப்பது போல ஆகிவிடும்.

அதைவிட முக்கியமானது, நாள்பட்ட உளைச்சல் உள்ளவர்களுக்குக் கார்ட்டிசோல் எப்போதும் ஏறியே இருக்கும் என்பது சரியில்லை. பலருக்குக் காலை உச்சம் மழுங்கிவிடும், ராத்திரி இறங்க வேண்டியது முழுதாக இறங்காது. ஏற்ற இறக்கம் போய்த் தட்டையாகிவிடும். காலையில் எழுந்திருக்கவும் முடியவில்லை, ராத்திரி தூக்கமும் வரவில்லை என்று வருகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி. மெக்கீவன் 1998இல் நான்கு வகை சொன்னார்: அடி மேல் அடி விழுவது, ஒரே அடிக்கு உடம்பு பழகாமல் ஒவ்வொரு முறையும் பதறுவது, அடி நின்ற பிறகும் பதற்றம் அடங்காதது, பதற வேண்டிய இடத்தில் போதிய அளவு பதறாமல் போவது. நான்காவதில் கார்ட்டிசோல் குறைவு! அப்போது ‘கார்ட்டிசோல் சுமை’ என்று எப்படிச் சொல்வது?

கிளினிக்கில் படும் பாட்டையும் சொல்கிறேன். வாட்ஸாப்பில் பார்த்துவிட்டுத் தாங்களாகவே லேபில் கார்ட்டிசோல் பார்த்துவிட்டு வருகிறார்கள், அதுவும் சாயங்காலம். காலை எட்டு மணிக்குரிய அளவோடு மாலை இரத்தத்தை ஒப்பிட்டுவிட்டு ‘எனக்கு அட்ரினல் களைப்பு’ என்கிறார்கள். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. உண்மையாகவே கார்ட்டிசோல் மிகும் குஷிங் நோயும், குறையும் அடிசன் நோயும் அரிதானவை, அவற்றுக்கான சோதனைகளே வேறு. இன்னொரு ஆபத்தும் உண்டு. ரொம்ப நாளாக, கார்ட்டிசோலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், ‘கார்ட்டிசோல் கெட்டது’ என்று படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், தூங்கிப்போன அட்ரினல் உடனே விழித்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்து. கார்ட்டிசோல் இல்லாமல் ஒரு நாள்கூட நாம் நலமாக இருக்க முடியாது. அதைச் சுமை என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

செ.இரா. ஐயாவுக்கு என் பங்கு. நோயாளிகள் என்னிடம் சொல்லும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: ‘முன்ன மாதிரி ஈடுகுடுக்க முடியல டாக்டர்.’ வேலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, வெயிலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கேட்கிற தேவைக்கு ஏற்ப உடம்பு தன்னை ஏற்றி இறக்கிக்கொள்வதுதானே அலோஸ்டாசிஸ்? அது ஈடுகொடுப்பு. அதன் சுமை ஈட்டுச்சுமை. சின்னதாகவும் இருக்கிறது.

ப.ம., மதுரை

*

பெருமதிப்புக்குரிய ஐயா, டாக்டர் அம்மா, வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில் சில.

‘தகவமைப்புச் சுமை’ வேண்டாம் என்பதே என் கருத்து. தகவமைப்பு உங்களிடம் ஒட்டகத்தின் திமிலுக்கும் மீனின் செதிலுக்கும் உரிய சொல். நாங்கள் அதை இசைவாக்கம் என்போம். தலைமுறை தலைமுறையாக நடப்பது அது. இதுவோ நிமிடக் கணக்கில் நடப்பது. மாணவன் ஒட்டகத்துக்கே மனநெருக்கீடு என்று எழுதிவைப்பான். (ஸ்ட்ரெஸ்ஸுக்கு எங்கள் பக்கம் நெருக்கீடு என்ற சொல் நன்கு பழகியிருக்கிறது. அழுத்தக் குழப்பம் இல்லாததால் நீங்களும் யோசிக்கலாம்.) ஹோமியோஸ்டாசிஸை நாங்கள் ஒருசீர்த்திடநிலை என்று படிப்பிக்கிறோம். அதற்குச் சோடியாக ‘மாறுசீர்த்திடநிலை’ என்று அலோஸ்டாசிஸை வைக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை.

தகைவு, திரிபு பற்றிச் சொன்னீர்கள். எங்களுக்கு அவை தகைப்பு, விகாரம். வளைந்த கோலைப் பார்த்து ‘விகாரம்’ என்று சொல்லி வகுப்பே சிரித்த காலம் உண்டு.

டாக்டர் அம்மாவின் ‘ஈடுகொடுப்பு’ மிகப் பொருத்தம். ஆனால் ஈட்டுச்சுமை என்றால் இங்கே வங்கிதான் நினைவுக்கு வரும். ஈடு என்றால் எங்களுக்கு அடமானம். வீட்டை ஈடுவைத்து எடுப்பது ஈட்டுக்கடன். உடம்பை ஈடுவைத்து உழைக்கிறோம் என்பது அழகான உருவகம்தான், ஆனால் கலைச்சொல்லில் உருவகம் இரண்டு பக்கமும் இழுக்கக்கூடாது. தாதியர் கையேட்டைப் பார்த்துவிட்டு வட்டி எவ்வளவு என்று கேட்பினம்.

‘சுமை’யை மட்டும் கைவிட வேண்டாம். ‘பளு’ என்றும் மாற்ற வேண்டாம். பழைய தெருக்களில் சுமைதாங்கிக் கல் நிற்கும், தலைச்சுமைக்காரர் ஆளுதவி இல்லாமலே இறக்கி வைத்து இளைப்பாறி, திரும்பவும் தூக்கிக்கொண்டு போவதற்கு. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். சுமை என்ற சொல்லுக்குள் இறக்கி வைத்தல் என்பதும் இருக்கிறது. தேய்மானத்தில் அது இல்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான்.

க.ந.

*

அன்புள்ள டாக்டர் அம்மா, க.ந. ஐயா, தம்பி வி.,

தோற்றதில் மகிழ்ச்சி. தகவமைப்பை எடுத்துவிட்டேன். ஈட்டுச்சுமையில் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை, ஆனால் க.ந. ஐயா வட்டியைக் கொண்டுவந்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை. தவிர, ‘ஈட்டு’ என்றால் சம்பாதி என்றும் ஆகும். சம்பாதித்த சுமை என்று படித்தால் நோயாளியின் மேல் பழி விழும்.

அலோஸ்டாசிஸ்: ஈடுகொடுப்பு. அலோஸ்டாடிக் லோட்: ஈடுகொடுப்புச் சுமை. கொஞ்சம் நீளம். அலோஸ்டாடிக் லோட் மட்டும் என்ன குட்டையா? கார்ட்டிசோலைக் கார்ட்டிசோலாகவே விடுகிறேன். தம்பி சொன்னதில் அந்தப் பாதி சரி. உளைச்சலா நெருக்கீடா என்பதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம், அது ஆறு மாதம் ஓடும்.

ஏழாம் பக்கம் இப்போது இப்படி:

‘தேவை ஏறும்போது உடம்பு தன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கார்ட்டிசோல் முதலியவற்றை ஏற்றிக்கொள்ளும், தேவை தீர்ந்ததும் இறக்கிக்கொள்ளும். இதுவே ஈடுகொடுப்பு. ஏற்றியதை இறக்க வாய்ப்பில்லாமல் மாதக்கணக்கில் ஈடுகொடுத்துக்கொண்டே இருந்தால், அதன் விலை இதயத்திலும் இரத்தக்குழாயிலும் இடுப்பளவிலும் நினைவாற்றலிலும் மெல்லச் சேரும். அப்படிச் சேர்வது ஈடுகொடுப்புச் சுமை.’

டாக்டர் அம்மா, இதை யாரிடமாவது படித்துக்காட்ட முடியுமா? எங்கள் வீட்டில் புறணிக்கு அப்பால் நகர மாட்டேன் என்கிறார்கள்.

செ.இரா.

*

படித்துக்காட்டினேன் ஐயா. நைட் டியூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு சிஸ்டர்களிடம். மூத்தவர் ஒன்றும் கேட்கவில்லை, ‘ஆமா, அப்படித்தான் இருக்கு’ என்றார். சின்னவள் கேட்டாள்: “அப்போ ஆஃப் நாள்ல நல்லாத் தூங்கினா இந்தச் சுமை இறங்கிடுமா டாக்டர்?”

ஒரு நாள் தூக்கத்தில் இறங்காது, தொடர்ந்து தூக்கமும் நடையும் கிடைத்தால் இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவை இறங்க வாய்ப்புண்டு, எல்லாம் இறங்கும் என்று சொல்ல முடியாது என்றேன். தொடர்ந்து எட்டு நைட் போடுகிறவர்களிடம் போய் அதைச் சொல்லுங்கள் என்றாள்.

கையேட்டில் அதற்கு ஒரு வரி உண்டா? இல்லையென்றால் எட்டாம் பக்கத்தில் இடம் விடுங்கள், பணி அட்டவணை போடுகிறவர்களுக்கு என்று தலைப்பிட்டு நான் எழுதித் தருகிறேன்.

ப.ம.