செனாயில் கட்டுகிற பஸ்: கூலாய்க்காரர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கூலாய் வாசி:
போன வாரம் நம் ஜொகூர் மாநிலத்தில், கூலாய்க்குப் பக்கத்து ஊரான செனாயின் சாலையில் கூரையும் சுவரும் இல்லாத பஸ் ஒன்று எதிரே வந்தது. டயர், எஞ்சின், ஸ்டியரிங், ஹெல்மெட் போட்ட ஓட்டுநர், அவ்வளவுதான். "என்னப்பா, பஸ்ஸுக்குத் தோலை உரிச்சுட்டாங்களா?" என்று மகன் கேட்டான். சேஸிஸ், அதாவது சக்கரமும் எஞ்சினும் வைத்த அடிச்சட்டம், ஸ்கானியா, மேன் போன்ற ஐரோப்பிய கம்பெனிகளுடையது, பாடி கட்டுவது நம் பக்கத்தில் என்று விளக்கினேன். பஸ் பாடி கட்டுகிற கெமிலாங் கோச்வொர்க் கம்பெனி இருப்பது செனாயில்தானே. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலில் இருந்திருப்பீர்கள். சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர்:
நான் இருந்தது வேறு பட்டறை, பெயர் வேண்டாம். தோட்டம் வீட்டு மனையானபோது லயத்தை விட்டு வந்து இதில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துக் கூடு கட்டுவோம். அப்புறம் அலுமினியம் வந்தது. எடை குறைவு, இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. ஆனால் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட இடத்தில் பலம் குறைந்துவிடும். அதனால் போல்ட் போட்டு இணைக்கிற முறை. இன்னொரு வில்லங்கம், இரும்புச் சேஸிஸோடு அலுமினியம் நேராக ஒட்டி நின்று ஈரமும் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் தடுப்பு வைக்காத பையனை ஃபோர்மன் காய்ச்சி எடுத்துவிடுவார்.

கடைசியில் தண்ணீர்ச் சோதனை. வெளியே நாலு பக்கமும் தண்ணீர் அடிப்பார்கள், நாங்கள் உள்ளே டார்ச்சோடு எங்கே ஒழுகுகிறது என்று தேடுவோம். கூலாய் வெயிலுக்கு அந்த வேலைக்குத்தான் போட்டி!

பாலம் தாண்டுகிறவன்:
சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன், விடியுமுன்னே ஜொகூர் பாலம். அங்குள்ள பஸ் கம்பெனி எஸ்பிஎஸ் டிரான்சிட் 2007 முதல் இறக்கிய ஸ்கானியா கே230யூபி மாடல் பஸ்கள் ஆயிரத்துக்கும் மேல். அதற்குப் பாடி கெமிலாங். மூன்று கதவு, இரண்டு படிக்கட்டு வைத்த மேன் ஏ95 மாடி பஸ்ஸும் அவர்கள் கட்டியதுதான். ஏற ஒரு படிக்கட்டு, இறங்க ஒன்று என்பதால் கூட்ட நேரத்தில் மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் முட்டிக்கொள்வதில்லை. பயணிக்கு நல்லது. மூன்றாவது கதவையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய எனக்குத்தான் தலைவலி. "இது எங்க ஊர் பக்கம் கட்டினது" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை.

கரூர் மாப்பிள்ளை:
என் மனைவி ஊர் கரூர். பஸ் பாடி கட்டுவதில் தமிழ்நாட்டில் பேர்போன ஊர். அங்கே பார்த்தவை பெரும்பாலும் அசோக் லேலண்ட் சேஸிஸ். 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி அது. நம் செனாய் வண்டி தாழ்தளம், எஞ்சின் பின்னால். அங்கே பல வண்டிகளில் தரை உயரம், எஞ்சின் ஓட்டுநர் பக்கத்திலேயே. கால் வெந்துவிடும். "ஏன் மச்சான் இன்னும் இப்படி?" என்றேன்.

"கிராமத்து ரோட்டுக் குழியில உங்க தாழ்தள பஸ்ஸை இறக்கிப் பாருங்க மாப்பிள்ளை, அடி தட்டும். இது நடுவழியில நின்னா மூடியைத் தூக்கி, மழையில நனையாம உள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம்."

யோசித்தால் நியாயம்தான். இலங்கையில் 1982 முதல் லங்கா அசோக் லேலண்ட் இருக்கிறது. வங்காளதேசம், வளைகுடா, ஆப்பிரிக்கா என்று இந்த வண்டிகள் விலை போவதற்கு மலிவு மட்டும் காரணமில்லை, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கலாம் என்பதும்தான் என்று எனக்குப் படுகிறது.

பஸ் கிலாங் அக்கா:
நான் வேலைக்குப் போகிற பஸ் கிலாங்கில், அதான் தொழிற்சாலை பஸ்ஸில், மழை வந்தால் ஜன்னலோரம் உட்கார முடியாது, அப்படி ஒழுகும். எந்தப் புண்ணியவான் கட்டினாரோ. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக வாடகை பஸ் பார்க்கிறோம். ஃபிட்டர் அண்ணே, எதைப் பார்த்து எடுக்க?

பழைய ஃபிட்டர்:
பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள் தங்கச்சி. சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள், காலோடு ஆடினால் அந்த வண்டி வேண்டாம். அவசரக் கதவு திறக்கிறதா, கண்ணாடி உடைக்கிற சுத்தியல் இருக்கிறதா பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து விரைவு பஸ், சுற்றுலா பஸ்களில் பெல்ட் போடாவிட்டால் அபராதம், அதையும் இழுத்துப் பாருங்கள். அப்புறம் ஐநா விதி 66 என்று ஒன்று உண்டு. 800 மில்லிமீட்டர் பள்ளத்தில் பஸ்ஸைப் பக்கவாட்டில் கவிழ்ப்பார்கள், கூரை நசுங்கி ஆள் உட்காரும் இடத்துக்குள் வரக்கூடாது. அந்த விதிப்படி கட்டிய பாடியா என்று கேளுங்கள். தவுக்கே (பஸ் முதலாளி) தலையைச் சொறிந்தால் வேறு பஸ் பாருங்கள்.