பிள்ளைங்க போன் விஷயத்துல அரசாங்கமே ஒரு வரம்பு போடணும்னு நினைக்கிறீங்களா? உங்க வீட்டு அனுபவத்தை எழுதுங்க

பெரம்பூர் டியூஷன் மிஸ்:
எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைங்களுக்கு வீட்டு மாடியில டியூஷன் எடுக்கிறேன். போன மாசம் ஒரு நாள் மழை. கூட்டிட்டுப் போக வந்த அம்மாக்கள் அஞ்சு பேர் படிக்கட்டுலயே நின்னுட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்குக் கீழ இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட்ல கணக்கு வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்த பேச்சு எழுந்துச்சு. அஞ்சு பேருமே, "இங்கயும் வரணும் மிஸ்"னாங்க. அதுல மெஸ்ல வேலை பாக்கிற ஒரு அம்மா சொன்னது இன்னும் காதுல இருக்கு.

"நான் மட்டும் பிடுங்கி வெச்சா, எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்லைன்னு அழுவுறான். யாருக்குமே கிடையாதுன்னா அந்தக் கேள்வியே வராதுல்ல."

அவங்க பையனைக் கூப்பிட்டு கணக்கைக் காட்டச் சொன்னேன். பிறந்த வருஷம் 1986. அப்பாவோடது. ரீல்ஸ் திறந்ததும் கட்டைவிரல் நிக்கவே இல்ல. ஒரு நிமிஷம் பொறுத்து, "முதல்ல என்னடா வந்துச்சு?"ன்னு கேட்டேன். யோசிச்சுப் பாத்தான், சொல்லத் தெரியல. கணக்குல நல்லா மார்க் எடுக்கிற பையன். எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

அதனால, வயசைக் கேட்டுட்டு விட்டுடுற சட்டம் வேண்டாம். ஆஸ்திரேலியாவுல 2024 நவம்பர்ல நிறைவேத்தி, 2025 டிசம்பர் 10-ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. தடுக்க வேண்டியது கம்பெனியோட பொறுப்பு. தவறினா 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம். பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் தண்டனை இல்ல. நான் ஆதரிக்கிறது இதைத்தான். அதே டிசம்பர்ல நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அது மாதிரி ஒரு சட்டத்தைப் பரிசீலிக்கலாம்னு மத்திய அரசுக்குச் சொல்லியிருக்கு. 2023-ல வந்த நம்ம தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் 18 வயசுக்குக் கீழ இருந்தா அவங்க விவரங்களைக் கம்பெனி எடுக்கப் பெத்தவங்க சம்மதம் வேணும், பிள்ளைங்களைக் குறி வெச்சு விளம்பரம் காட்டக் கூடாதுன்னு இருக்கு. அது சீக்கிரம் வீடு வரைக்கும் வந்து சேரணும்.

இன்னொண்ணு, பள்ளிக்கூடங்கள் ஹோம்வொர்க்கை வாட்ஸ்அப்ல அனுப்புறதை நிறுத்தணும். டைரியில எழுதிப் போடட்டும். போனைக் கையில குடுத்துட்டு, பாக்காதேன்னா எப்படி?

ஆவடி அப்பா:
ஆட்டோ ஓட்டுறேன். என் தம்பி ஆன்லைன் ரம்மியில வீட்டு அட்வான்ஸ் பணம் வரைக்கும் விட்டான். ராத்திரி 12-ல இருந்து 5 வரைக்கும் காசு வெச்சு ஆடக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல விதி வந்தப்போ, தனிமனுஷன் உரிமைன்னு கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 ஜூன்ல உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும்னு சொல்லிடுச்சு. பெரியவங்களுக்கே கடிவாளம் தேவைப்படுது. பிள்ளைங்க எந்த மூலைக்கு?

வியாசர்பாடி பொண்ணு:
அக்கா, எனக்கு ஒரு பயம். எங்க வீட்டுல முதல்ல காலேஜ் போனவ நான். பத்தாவதுல டிரிக்னாமெட்ரி யூடியூப் பாத்துத்தான் புரிஞ்சுச்சு, டியூஷனுக்குப் பணம் இல்ல. அப்புறம், சட்டம் வந்துச்சுன்னா எங்க வீட்டுல தங்கச்சி போனைத்தான் முதல்ல வாங்குவாங்க. தம்பி கையில அப்படியே இருக்கும். இப்பவே ஏழு மணிக்கு மேல யார்கிட்ட பேசுறேன்னு அவளைத்தான் கேக்குறாங்க.

பெரம்பூர் டியூஷன் மிஸ்:
நீ சொல்றது சத்தியம்மா. தங்கச்சி விஷயம் என் மனசுல வரவே இல்ல, எழுதினதுக்கு நன்றி. யூடியூப்பும் ஆஸ்திரேலியாவுல தடைப் பட்டியல்ல இருக்கு. ஆனா தடை கணக்குக்குத்தான், கணக்கு இல்லாம பாக்கலாம். அப்போ பாடத்துக்குக் கதவு மூடாது. பிள்ளைக்குத் தண்டனை இல்லன்னு சட்டத்துல இருக்கணும்னு நான் அழுத்திச் சொல்றதும், பொண்ணுங்களை அடக்க அது இன்னொரு சாக்கு ஆயிடக் கூடாதுன்னுதான்.

சட்டம் வர்ற வரைக்கும் அந்த அஞ்சு அம்மாக்களும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்காங்க. அஞ்சு வீட்டுலயும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பீரோவுக்குள்ள. பையன், பொண்ணு வித்தியாசம் இல்ல. முதல் நாள் அந்த மெஸ் அம்மா பையன் என்கிட்ட வந்து கேட்டான்: "மிஸ், அவங்க நாலு பேர் வீட்டுலயும் நிஜமாவே வாங்கிட்டாங்களா?" ஆமாடான்னேன். சரின்னு நோட்டைப் பிரிச்சுட்டான்.