மாந்தோப்பின் பழ ஈக்கும் ஆய்வகத்தின் ஈக்கும் ஒரே பெயர் வேண்டாம்

மரபியல் பாடத்தில் அறிஞர் மார்கன் ஆய்ந்த வெண்விழி ஈயைப் படிக்கும் மாணவருக்கும், மாம்பழத்தை அறுத்ததும் உள்ளே நெளியும் புழுக்களைக் காணும் உழவருக்கும் ‘பழ ஈ’ என்ற ஒரே பெயரையே தமிழில் வழங்கிவருகிறோம். இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றுக்கு வேறு கலைச்சொல் வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

மாவையும் கொய்யாவையும் தாக்கும் பாக்ட்ரோசீரா டார்சாலிஸ், டெஃப்ரிட்டிடே குடும்பத்தது. அதன் பெண் ஈ, முதிர்ந்துவரும் நல்ல காயின் தோலைக் கூரிய முட்டையிடுகுழலால் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுக்களாகின்றன. ஆய்வகத்து ஈயான ட்ரோசோபிலாவோ, பெரும்பாலும் கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தில் பெருகும் ஈஸ்ட்டை நாடி வருவது. பெயர் ஒன்றாயிருப்பதால், அழுகிய பழத்தைத்தானே ஈ மொய்க்கும் என்று கருதி, காய் முதிரும்போதே கட்டவேண்டிய ஈப்பொறியை அறுவடை வரை தள்ளிப்போட இடமுண்டாகிறது. அந்தப் பொறியில் வைக்கும் மெத்தில் யூஜினால் என்னும் மணப்பொருள், பாக்ட்ரோசீராவின் ஆண் ஈக்களை ஈர்ப்பதை, பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹௌலெட் 1915இல் வெளியிட்டார். ட்ரோசோபிலாவுக்கு அந்தப் பொறி பயன்படாது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழ இறக்குமதிக்குத் தடை விதித்ததும் டெஃப்ரிட்டிடே ஈக்களை முன்னிட்டே.

தோட்டத்து ஈயைக் ‘காய்த்துளை ஈ’ எனலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் ‘காய்த்துளைப்பான்’ என்பது அந்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர். உழவர் வாயில் ஊன்றிய சொல்லை மாற்றச் சொல்வது முறையுமன்று. ‘பழ ஈ’ அவர்களிடமே இருக்கட்டும், பெயர் மாறவேண்டியது ஆய்வகத்து ஈக்குத்தான். ‘நொதி ஈ’ என்றால், பாடநூல்களில் நொதி என்பது என்சைமைக் குறிப்பதால் புதுக் குழப்பம் வரும். ‘கள் ஈ’ அழகிய பெயர்தான், ஆயினும் அதன் பொருள் குறுகியது. புளித்த கஞ்சியையும் வினிகரையும் ஒருங்கே சுட்டும் ‘காடி’ என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு ‘காடி ஈ’ எனலே பொருத்தமென்பது என் துணிபு. புளித்ததை நாடும் அதன் இயல்பு முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்குகிறது.

ட்ரோசோபிலா பேரினத்தின் ஓர் இனமான ட்ரோசோபிலா சுசுகி, அரம்போன்ற முட்டையிடுகுழலால் செர்ரி, ஸ்ட்ராபெரி போன்ற நல்ல பழங்களையே கிழித்து முட்டையிடுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் பேரினத்துக்குப் பெயரிடும்போது பெரும்பான்மை இயல்பையே கொள்ளவேண்டும். சுசுகியை ‘பழங்கிழி காடி ஈ’ என அடைமொழியுடன் பிரித்துக்காட்டலாம்.