வவுச்சர் தணிக்கைக்கு எந்த மாதிரியெடுப்பு முறை பொருந்தும்?

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறிய தொழிற்கூடத்தின் உள்தணிக்கையில், ஓராண்டின் 3,000 ரொக்கச் செலவு வவுச்சர்களில் 60ஐ மட்டும் எடுத்துச் சரிபார்க்க வேண்டியுள்ளது. முதலில் முறைசார் தேர்வையே எண்ணினேன். அதாவது குலுக்கலில் வந்த 7ஆம் எண்ணில் தொடங்கி, ஐம்பதுக்கு ஒன்றாக எடுப்பது.

ஆனால் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. காசாளர் ஐம்பது ஐம்பதாக நூலில் கோத்து, கடைச்சீட்டு இல்லாமல் கையொப்பம் மட்டும் உள்ள கூலி, வண்டி வாடகை வவுச்சர்களை ஒவ்வொரு கட்டின் அடியிலும் சேர்த்து வைத்திருக்கிறார். என் இடைவெளியும் ஐம்பதாகவே இருப்பதால், 7, 57, 107 என்று எடுத்துக்கொண்டே போனால் நான் பார்க்க வேண்டிய அந்த வவுச்சர்களில் ஒன்றுகூட என் கையில் சிக்காது.

மாதிரியெடுப்பு பற்றிய தணிக்கைத் தரநிலை 530, பண அலகு மாதிரி முறையையும் குறிப்பிடுகிறது. அதில் வவுச்சரை அல்ல, ஒவ்வொரு ரூபாயையும் ஓர் அலகாகக் கொண்டு தேர்ந்தெடுப்பதால் பெரிய தொகைகளுக்கே வாய்ப்பு அதிகம். எனக்கோ ஐந்நூறு, எழுநூறு ரூபாய்ச் சீட்டுகள் மீதுதான் ஐயம். ஆகவே கடைச்சீட்டு உள்ளவை, இல்லாதவை என இரு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எக்செல் தரும் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அவ்வாறு செய்தால் 60ஐ எந்த விகிதத்தில் பங்கிடுவது? இரண்டாம் அடுக்கில் கூடுதலாக எடுத்தால், கண்ட பிழையை மொத்தத்துக்கும் விரித்துக் கணக்கிடும்போது அடுக்குவாரியாகத்தான் செய்ய வேண்டுமா? இத்தகைய பணியில் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.