மேடு ஏறும்போது இழுவை செத்து நின்றுபோகும் பழைய வண்டிகள்: உங்கள் அனுபவம்?

சேலத்துக்காரன்:
மாருதி 800, 1991 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. ஏற்காடு ஏறினால் மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் இழுவை போய்விடும். எவ்வளவு மிதித்தாலும் திணறித் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டர் கழுவியாச்சு, பிளக் மாற்றியாச்சு, பெட்ரோல் பம்பும் புதுசு. மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக ஓடும்.

ஒருநாள் வளைவு ஓரத்தில் நின்றபோது ஒரு டெம்போக்காரர் இறங்கி வந்தார். பானெட் பக்கமே போகவில்லை. நேரே டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது பாருங்கள், இன்னும் காதில் கேட்கிறது. அடுத்த செல்ஃபில் வண்டி கிளம்பிவிட்டது. பழைய மூடி தொலைந்து வெளிக்கடையில் வாங்கிப் போட்டது அது. காற்று போக அதில் வழியே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம், பம்ப் எப்படி இழுக்கும்? மெக்கானிக்கிடம் சொன்னால், "மூடி மாத்தினதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்கிறார். பம்புக்குக் கொடுத்த காசை யார் தருவது?

பத்மினி வீட்டுப் பையன்:
கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிறது என்றால் அது வேப்பர் லாக் சார். மூடி எல்லாம் தற்செயல். எங்கள் பிரீமியர் பத்மினி கத்திரி வெயிலில் வேலூர் தாண்டினாலே நிற்கும். பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருப்பதால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துக்கொள்ளும். அப்பா குடிதண்ணீரில் துண்டை நனைத்து பம்ப் மேல் போடுவார். துண்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பும். எங்களுக்குத் தாகம், வண்டிக்குக் குளியல்!

கோவை ரமணி:
மேலே உள்ள தம்பிக்கு: உஸ் என்று காற்று இழுத்ததை அவரே கேட்டிருக்கிறார், அப்புறம் என்ன தற்செயல்? எல்லாவற்றுக்கும் வேப்பர் லாக் என்று சொல்லியே பாதிப் பேர் கன்டென்சரை, அதாவது பிளக்கில் பொறி வர உதவும் சின்ன மின்தேக்கியை, பார்ப்பதில்லை. என் பெட்ரோல் அம்பாசடரில் அதுதான் நடந்தது. சூடானால் பவர் போகும், ஆறினால் வரும். இருட்டில் பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துச் செல்ஃப் அடித்தேன். பளீரென்று நீலமாக வர வேண்டிய பொறி, மஞ்சளாகச் சோம்பல் முறித்தது. கன்டென்சர் மாற்றியதும் சரி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் பாருங்கள். ஆறிய வண்டி ஒன்றும் சொல்லாது. சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று செத்தால் முதலில் கரண்ட் பக்கம் போங்கள்: பொறிக்கு வோல்டேஜ் ஏற்றும் காயில், அதன் கரண்டை வெட்டி விடும் பாயின்ட், கன்டென்சர், காயிலுக்குப் போகும் வயர். குலுங்கிக் குலுங்கி இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல் பக்கம். ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜின் ஓடாதபோது கையால் திராட்டிலை இழுத்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லையா, பெரும்பாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை என்று அர்த்தம். பம்பிலிருந்து பின்னால் டேங்க் வரை போங்கள். டேங்க் துரு வடிகட்டியை அடைத்திருக்கலாம். பழைய ரப்பர் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்குவதற்காகச் செய்ததில்லை. பொறி பார்க்கும் முன் கார்புரேட்டரை மூடிவிடுங்கள், பெட்ரோல் ஒழுகினால் பொறியே பார்க்க வேண்டாம்.

டீசல்தான்:
பெட்ரோல்காரர்களே பேசினால் எப்படி? என் அம்பாசடர் டீசல் மேட்டில் மூச்சு வாங்கி நிற்கும். கை பம்ப் அடித்து டீசல் லைனில் புகுந்த ஏரை வெளியேற்றினால் ஓடும், மறுபடி நிற்கும். ஒரு கிழட்டு மெக்கானிக் ஃபில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி தெரியும் டியூபை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். சோடா பாட்டில் போல் வரிசையாகக் குமிழி! டேங்கிலிருந்து வரும் லைனில் ஒரு வாஷர் நைந்து காற்று இழுத்திருக்கிறது. டீசல் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாததால் யாருக்கும் அங்கே சந்தேகமே வரவில்லை.

பத்மினி வீட்டுப் பையன்:
ரமணி அண்ணே, எங்கள் வண்டியில் கன்டென்சரும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஈரத்துணிக்குத்தான் கட்டுப்பட்டது.

ஆர்எக்ஸ் 100:
டூ-வீலர் கதை சொல்லலாமா? என் ஆர்எக்ஸ் 100 பைக்கில் இழுவை இல்லை என்று சிலிண்டர் போர், பிஸ்டன் வரை போய்விட்டார்கள். கடைசியில் சைலன்சர் உள்குழாயை உருவினால் ஓட்டையெல்லாம் கரி அடைத்துக் கட்டியாக இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இன்ஜினைப் பிரிக்க விடுவதற்கு முன் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.